தாங்கலும் வடிகாலும்

நிகண்டு நூலார் நீர்நிலைக்குத் தொகுத்துத் தரும் பெயர்கள் பலவாகும். கயம், இலஞ்சி, வாவி, பொய்கை, மடு, குளம், ஏரி எனத் தொடரும் அவ்வரிசையோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன, நாட்டு வழக்கில் உள்ள தாங்கல், ஏந்தல் என்னும் இரண்டுமாம். முன்னது தொண்டை நாட்டு ஊர்ப்பெயர்களிலும் பின்னது பாண்டி நாட்டு ஊர்ப்பெயர்களிலும் மிகுதியாகப் பயில்கின்றது. இரண்டும் வினையடியாகப் பிறந்தவை, கருத்தும் ஒன்றே. மேலிருந்து வருவதைக் கீழே சிந்த விடாது வாங்கி வைத்துக்கொள்ளும் செயலை இவை உணர்த்துகின்றன. வடிகால் என்னும் சொல்லோ இதற்கு மறுதலையான செயலைக் குறிப்பது போலத் தோன்றும். நின்ற நீரை நில்லாமற் செய்வது வடிகால். ஆயின், வடித்தல் என்னும் வினைக்கு ஒழுகவிடுதல் என்னும் பொருளோடு, கசடு நீக்கித் தெளிவித்தல் என்னும் பொருளும் உண்டு. வடிகட்டுதல் என்னும் வழக்கும், வடித்த சொல் என்னும் வழக்கும் இப்பின்னைப் பொருள் பற்றியன. இன்றைய நகரங்களின் வடிகாலில் முன்னைப் பொருள் மட்டுமே எஞ்சி நிற்கின்றது. தாங்கல் இருந்த இடத்தை வடிகால் கைக்கொண்டபோது, வடிகாலே தன் இருபொருளுள் ஒன்றை இழந்தது எனலாம். சொல்லில் நிகழ்ந்த இவ்விழப்பு மண்ணிலும் நிகழ்ந்ததாகும். இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரைப் பகுதியின் இருநூறு ஆண்டு வரலாற்றில் அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இப்பகுதியில் தரை மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மிக மெல்லச் சரிகின்றது. கடலை அடையுமுன் கரைக்கு இணையாக மணல் மேடுகள் வடக்குத் தெற்காகக் கிடக்கின்றன. மேற்கே பெய்த மழை கிழக்கே வந்து, மணல் மேட்டில் முட்டி, அதன் பின்புறத் தாழ்வில் தேங்கி, பின்னர் வடக்கே எண்ணூர்க் கழிமுகத்திலோ தெற்கே கூவத்தின் முகத்திலோ கடலைச் சேர வேண்டும். எனவே, வெள்ளம் இங்கு இயற்கையாகவே தயங்கி நின்று செல்வது. மணலி, சடையங்குப்பம், எர்ணாவூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சதுப்பும், கொசத்தலையாறு கடலோடு கலக்குமிடத்து உப்பங்கழியும் அத்தயக்கத்தாற் பிறந்தவை. கழியின் வாயிலில் உள்ள குடியிருப்பிற்கு முகத்துவாரக் குப்பம் என்பது பெயர். திருவொற்றியூரில் ஒரு பகுதி இன்றும் தாங்கல் என்றே வழங்குகின்றது. கல்வெட்டுகள் இவ்வூரைப் புழற்கோட்டத்துத் திருவொற்றியூர் என்று குறிக்கும். புழல் என்னும் சொல் உட்டுளை உடையதற்கும் நீர்த்தூம்பிற்கும் உரியது. ஊர்ப்பெயர் அப்பொருள் பற்றியே எழுந்தது என்று துணிதற்குச் சான்று போதாதாயினும், தொண்டை மண்டலத்து இருபத்து நான்கு கோட்டங்களுள் ஒன்று இன்றும் ஓர் ஏரியின் பெயராலேயே அறியப்படுகின்றது என்பது கருதத்தக்கது.

திருவொற்றியூர்த் தலபுராணம், ஊழி வெள்ளத்தை இறைவன் ஒற்றி எடுத்தமையால் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்று கூறும். ஒற்றி என்பதற்கு அடைமானம் என்னும் பொருள் கொண்டு வேறு விளக்கம் தருவாரும் உளர். எது பெயர்க்காரணம் என்பது ஈண்டு ஆராய்ச்சியன்று. வெள்ளத்தை வெட்டி விடுதலையோ ஓட்டி விடுதலையோ கூறாது, ஒற்றி எடுத்தலைக் கூறிற்றே அக்கதை. கடற்கரைத் தாழ்நிலத்தில் வாழ்ந்தோர் கற்பனையில் வெள்ளத்திற்குத் தீர்வு எவ்வடிவில் தோன்றிற்று என்பதே நாம் நோக்கத்தக்கது.

ஏரி பயிருக்கு நீர் தரும் என்பதை யாவரும் அறிவர். நீரைத் தெளிவிக்கும் கருவியும் அதுவே என்பது அத்துணை எண்ணப்படுவதில்லை. புறநானூற்றுப் பதினெட்டாம் பாட்டில் குடபுலவியனார், பள்ளமான இடங்களில் நீரைத் தடுத்து நிறுத்துமாறு பாண்டியனுக்கு அறிவுறுத்தும்போது அவர் கருத்தில் நின்றது உணவு. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் காணும் ஏரி வாரியத்தின் கவலையும் அதுவே. ஆயினும், கலங்கிய நீர் நின்றால் தெளியும் என்னும் அறிவு தமிழர்க்குப் பழையது. தேற்றா மரத்தின் விதையைத் தேய்த்துக் கலத்து நீரைத் தெளிவிக்கும் வழக்கம் கலித்தொகையில் உவமையாகவே இடம் பெற்றுள்ளது. விதை செய்வது துகள்களை ஒன்றோடொன்று திரளச் செய்தலே. திரண்டவை அடியிற் படிதற்கு நீர் அசையாது நிற்றல் வேண்டும்.

இந்நிற்றலுக்கு எத்துணைக் காலம் வேண்டும் என்பதை 1851இல் ஸ்டோக்ஸ் என்னும் அயர்லாந்தில் பிறந்த அறிஞர் கணக்கிட வழி கண்டார். துகளின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அது வீழும் வேகம் நூற்றில் ஒன்றாகக் குறையும். 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் வேண்டும். 0.001 மில்லிமீட்டர் களித்துகள் பத்து நாளுக்கு மேலும் மிதந்து நிற்கும். தெருவிலும் தொழிற்சாலை முற்றத்திலும் படிந்த ஈயம், துத்தநாகம் முதலிய உலோகங்களும், எண்ணெய்ப் பிசுக்கும், நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டே நீரோடு செல்வன. எனவே, மழைநீரை ஒரு நாளோ இரண்டு நாளோ அசையாது நிறுத்தினால் அதன் மாசில் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். நிறுத்தாது ஓட்டினால் அனைத்தும் கழிமுகத்தைச் சேரும்.

இதனினும் வியப்புடைய உண்மை ஒன்று 1904இல் வெளிப்பட்டது. அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன், நீர் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிலையத்தில் துகள் படிதல் அதன் ஆழத்தைப் பொறுத்தது அன்று, மேற்பரப்பின் அகலத்தைப் பொறுத்தது என்று காட்டினார். ஆழம் மிகுந்தால் நீர் நெடுநேரம் நிற்கும் என்பது மெய்யே. ஆயின், துகள் வீழவேண்டிய தொலைவும் அதே அளவில் மிகுதலால் ஊதியம் இல்லை. பரந்து விரிந்து ஆழங்குறைந்து கிடக்கும் தொண்டை நாட்டு ஏரியும் தாங்கலும், ஹேசன் வகுத்த இலக்கணத்திற்கு இயல்பாகவே பொருந்துவன. இவற்றை அமைத்தோர் அதனைக் கருதியே அமைத்தனர் என்று நாம் கூறவில்லை. சமநிலத்தில் கரை கட்டுவார்க்கு வேறு வடிவம் கிடைத்தலும் அரிது. ஆழ்ந்து குறுகிய காங்கிரீட் கால்வாயோ எல்லா வகையானும் இதற்கு மாறுபட்டது. அதில் வேனிற்காலத்தில் படிந்ததையும் முதல் மழை கிளப்பிக்கொண்டு போகும்.

நீரைத் தேக்கி வைத்தலே தூய்மைக்கு வழியாக இருந்த காலம் சென்னை வரலாற்றிலேயே உண்டு. 1772இல் கேப்டன் பேக்கர் என்பார் அமைத்த ஏழு கிணறு, வடபகுதி மணலில் ஊறித் தெளிந்த நீரைக் கோட்டைக்கு வழங்கிற்று. பின்னர், ஃபிரேசர் என்னும் பொறியாளர் 1866இல் வகுத்த திட்டப்படி, கொசத்தலையாற்றுக்குக் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணை கட்டிச் சோழவரம் ஏரிக்கும் அதன் வழியாகச் செங்குன்றத்து ஏரிக்கும் நீர் கொணர்ந்தனர். 1872 முதல் அந்நீர் திறந்த மண் வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்து ஊருக்குள் சென்றது. மேட்லி என்னும் பொறியாளர் காலத்தில், 1914இல், மணல் வடிகட்டிகள் இயங்கும் வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வேறு சுத்திகரிப்பு எதுவும் இல்லை; ஏரியில் நீர் நின்று தெளிந்ததே சுத்திகரிப்பு. அஃது ஊரார் உடல்நலத்திற்குப் போதிய காப்பு அன்று என்பதும் அக்காலத்து வாந்திபேதி வரலாற்றால் அறியப்படும். ஆயினும், இருந்த ஒரே காப்பும் அதுவே.

குடிநீர் இவ்வாறு ஏரியில் நின்று வர, ஊரில் பெய்த மழைநீருக்கு நேர்ந்த நிலை வேறு. 1801இல் பேசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே கால்வாய் வெட்டத் தொடங்கினார். 1806 அளவில் முடிந்த அக்கால்வாய் பின்னர்ப் பழவேற்காடு வரையும் அதற்கு அப்பாலும் நீண்டது. தாது ஆண்டுப் பஞ்சத்தின்போது, 1877, 1878ஆம் ஆண்டுகளில், நிவாரணப் பணியாக நகரின் தென்பகுதியோடு இணைக்கப்பெற்று, அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் படகேறி வந்த வழி அது. வாணிகத்திற்காக வெட்டப்பெற்றதாதலின், வெள்ளம் செல்லும் திசைக்குக் குறுக்கே வடக்குத் தெற்காகக் கிடக்கின்றது. மேற்கிலிருந்து வரும் ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் ஆகியன அதிலேயே விழ வேண்டியவாயின. படகுப் போக்குவரத்து நின்ற பிறகு அதற்கு எஞ்சிய தொழில் கழிவைச் சுமத்தலே. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாய்க்குப் பெருஞ்சேதம் விளைத்தன. அதன்பின் அது போக்குவரத்து வழியாக மீளவில்லை.

இக்காலத்திலேயே நீர்நிலை பற்றிய ஆட்சியாளர் கருத்தும் மாறிற்று. தேங்கிய நீர் நச்சுக்காற்றைப் பிறப்பிக்கும் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவக் கொள்கை, குளங்களைத் தூர்ப்பதை ஒரு நலவாழ்வுப் பணியாகவே ஆக்கிற்று. 1865இல் கேப்டன் டல்லக் சென்னையின் குடிநீரையும் கழிவுநீரையும் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். அதன்பின் வந்த திட்டங்கள் யாவற்றிலும் கழிவுநீர் விரைந்து வெளியேறுதலே முதற்கருத்து. கழிவுநீருக்கு அது பொருத்தமே. மழைநீருக்கும் அதே விதி கொள்ளப்பட்டது. கொசுவே மலேரியாவுக்கு வாயில் என்று ரொனால்டு ராஸ் 1897இல் கண்டபின் நச்சுக்காற்றுக் கொள்கை வீழ்ந்தது. ஆயின், நீர்நிலைமீது கொண்ட ஐயம் வலுவே பெற்றது. வீட்டுமனை வேண்டியும் குளங்கள் தூர்ந்தன. நகரின் தென்பகுதியில் நுங்கம்பாக்கம் முதல் மாம்பலம் வரை கிடந்த நெடுங்குளம் 1923 முதல் வடிக்கப்பெற்றுத் தியாகராய நகர் ஆனது. தெற்கே மனை கொள்ளை கொண்டதை வடக்கே குப்பையும் ஆலையும் கொண்டன. கொடுங்கையூர்த் தாழ்நிலம் நகரக் குப்பையின் மேடாயிற்று.

ஆலைகளின் வரலாற்றை விரிக்க வேண்டுவதில்லை. துறைமுகம் 1875இல் தொடங்கியபின் இராயபுரக் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கிற்று. ஆண்டுகளை மட்டும் நிரல்படக் கூறின், 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும், 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையமும், 1971இல் மணலி உரத் தொழிற்சாலையும், 1994இல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. இவற்றுள் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பெற்றது. வடசென்னை நிலையத்தின் சாம்பற் குட்டை கழியின் ஓரத்திலேயே அமைந்தது. ஒவ்வோர் ஆலைக்கும் மேட்டுநிலம் வேண்டும். சதுப்பில் மண் கொட்டினாலன்றி மேடு இல்லை. ஓரிடம் மேடானால் அங்கு நின்ற நீர் அடுத்த இடத்தைத் தேடும். இவ்வாறு தாங்குமிடம் சுருங்க, அழுக்குப் பெருகிற்று. இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையே இப்பகுதியின் கேட்டிற்குத் தலையாய காரணம் என்பது எம் கருத்து. அழுக்கை மட்டும் குற்றம் கூறுவார் பலர். தாங்குமிடம் போனதை நினைவார் சிலரே.

இவ்விரண்டின் சேர்க்கை எத்தகையது என்பதை 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் வெளிப்படையாகக் காட்டிற்று. மிக்ஜாம் புயலின் பெருமழை அத்திங்கள் 3, 4ஆம் நாள்களில் சென்னையை மூழ்கடித்தது. மணலியில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எர்ணாவூர் வீடுகளுள் புகுந்து, எண்ணூர்க் கழியை அடைந்து கடலிலும் பரவிற்று. சுவர்களில் வெள்ளம் நின்ற உயரம் கரிய கோடாகப் பதிந்தது. கழியின் அலையாத்தி மரங்களும் படகுகளும் வலைகளும் நாரைகளும் எண்ணெய் பூசப்பெற்றன. மீனவர் குவளையும் வாளியும் கொண்டு எண்ணெயை மொண்டு எடுத்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சுத்திகரிப்பு நிலைய வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதியதாக இல்லை என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. மீனவக் குடும்பங்கள் 2,301க்குத் தலைக்கு ரூ. 12,500, படகுகள் 787க்கு ஒன்றுக்கு ரூ. 10,000, பிற குடும்பங்கள் 6,700க்கு ரூ. 7,500 என மொத்தம் ரூ. 8.68 கோடி நிவாரணமாக அரசு அறிவித்தது.

2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் இதே கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது பலர் நினைவில் இருக்கும். அது கடலிலிருந்து நிலத்திற்கு வந்த கேடு; கப்பல் மோதாதிருந்தால் நிகழ்ந்திராது. 2023இல் வந்தது நிலத்திலிருந்து கடலுக்குச் சென்ற கேடு. அதற்கு மோதலோ உடைப்போ வேண்டியதில்லை. மழையும், மழை நிற்க இடமின்மையும் போதும். ஆதலின் பின்னதே நம் ஆராய்ச்சிக்கு உரியது.

ஈண்டுப் பழைய ஏரியின் உறுப்புகளைச் சற்றே நுணுகி நோக்குதல் தகும். ஏரியிலிருந்து நீர் வெளியேற இரு வழிகள் உள. ஒன்று கலிங்கு, நிரம்பி வழியும் நீர் அதன்மேற் செல்லும். மற்றொன்று மதகு, கரையின் அடியில் அமைந்த தூம்பு வழியாக உள்நீர் செல்லும். கலிங்கு மேற்பரப்பு நீரையும் மதகு கீழ்நீரையும் கொள்கின்றன. கலிங்கில் வழிவது வண்டல் நீங்கிய தெளிந்த நீராதலின், மண் ஒன்றே மாசாக இருந்த காலத்தில் மிகையை மேலே விடுதல் முறையாயிற்று. எண்ணெயோ மிதப்பது. நிரம்பி வழியும் எந்தக் குட்டையிலும் முதலில் வெளியேறுவது மேலே மிதக்கும் எண்ணெயே. ஆகலின், எண்ணெய் கலந்த மழைநீரைத் தாங்கும் நிலையத்திற்குக் கலிங்கு ஆகாது, தூம்பே வேண்டும். மேலே எண்ணெயும் அடியிற் சேறும் நிற்க, நடுநீரை மட்டும் கொள்ளுமாறு வாயமைத்தல் வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களில் உள்ள எண்ணெய் பிரிக்கும் தொட்டிகள் இம்முறையினவே. அவை பொதுவாக 0.15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள எண்ணெய்த் துளிகளைப் பிரிக்குமாறு வகுக்கப்படுவன. தென்பாண்டி நாட்டுக் குமிழித் தூம்பில் மேலே நீரோடித் துளையும் கீழே சேறோடித் துளையும் வெவ்வேறாக அமைந்தமையை நோக்கின், நீரை அடுக்கடுக்காகப் பிரித்து விடும் கருத்து நம் கம்மியர்க்குப் புதியதன்று என்பது விளங்கும்.

இனி அளவு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கின்றது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. அதற்கு முன் பல திங்கள் தெருவிலும் முற்றத்திலும் தூசும் எண்ணெயும் சேர்கின்றன. அழுக்கை மிகுதியாக வாரிச் செல்வது மழையின் தொடக்க நீரே. ஆகவே, வெள்ளம் முழுவதையும் தாங்குதல் இயலாதாயினும், தொடக்கத்தைத் தாங்குதல் இயலும். ஒரு சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் முதலில் பெய்யும் 2.5 சென்டிமீட்டர் மழை முழுவதும் ஓடி வருவதாகக் கொண்டால், அது 25,000 கன மீட்டர், அதாவது இரண்டரைக் கோடி லிட்டர். அதனை இரண்டு மீட்டர் ஆழத்தில் நிறுத்த 1.25 எக்டேர் நிலம் வேண்டும். ஏறத்தாழ மூன்று ஏக்கர். நூறு பங்கு நிலத்தில் ஒன்றே கால் பங்கு. மணலியின் ஆலை வளாகங்களுக்கு இது பெருஞ்சுமை எனல் ஒவ்வாது. 2023இல் வந்தது போன்ற பெருவெள்ளத்திற்கு இவ்வளவு போதாது என்பதையும் உடன் கூறல் வேண்டும். அத்தகைய நாளில் வளாகத்தின் அழுக்கு முற்றத்து நீரும் வெளிவெள்ளமும் கலவாதவாறு கரையிட்டுப் பிரித்தலே முதற்பணி. கலந்த பின் எந்தத் தொட்டியும் பயன்படாது.

பிற நாட்டார் இம்முறையைக் கைக்கொண்டுள்ளனர். சிகாகோ நகரம் 1975இல் தொடங்கிய ஆழ்சுரங்கத் திட்டத்தில், மழையும் சாக்கடையும் கலந்த நீரைப் பாறைக்கு அடியில் தேக்கி, மழை நின்றபின் மேலேற்றிச் சுத்திகரிக்கின்றது. பாரிசில் சீன் ஆற்றங்கரையில் ஆஸ்டர்லிட்ஸ் என்னுமிடத்தில் 50,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி 2024இல் திறக்கப்பெற்றது. அந்நகரங்களில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் குழாய் ஒன்றே. சென்னையில் இரண்டும் வேறு. மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கும் கழிவுநீர்க் குழாய் 1978இல் அமைந்த குடிநீர் வாரியத்திற்கும் உரியன. ஏட்டில் வேறாயினும் தெருவில் ஒன்றாகிவிடுகின்றன. மழை இல்லாத திங்களிலும் மழைநீர் வடிகாலில் கருநீர் ஓடுவதைக் காண்பார்க்கு இது விளங்கும். எனவே, பிரித்த முறையினர் என்னும் பெயர் கொண்டு தேக்கமின்றி இருத்தல் நமக்கு இயலாது.

தேங்கிய நீரில் கொசு பிறக்குமே என்னும் தடை இன்றும் எழுப்பப்படுகின்றது. முட்டையிலிருந்து கொசு சிறகு பெற்று எழ ஒரு வாரம் அளவில் ஆகும். மூன்று நாளில் வடித்துவிடும் தாங்கலில் அது முற்றுப்பெறாது. கடல் அருகிருக்கத் தேக்குவது ஏன் என வினவுவாரும் உளர். கழியின் வாயில் மணல் திட்டு வளர்வது; ஓதம் ஏறுங்காலும் புயல் வீசுங்காலும் கடல் நீரை ஏலாது திருப்பும். அன்றியும், அக்கழியில் இறாலும் நண்டும் கையாற் பற்றி உயிர் வாழ்வோர் உளர். அவர்தம் விளைநிலம் அது.

வண்டலைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். பழைய ஏரியில் வேனிற்காலத்து வண்டல் எடுத்து வயலுக்கு எருவாக இட்டனர். ஏரியும் தூர்வாரப்பெற்றது, வயலும் வளம் பெற்றது. மணலித் தாங்கலின் சேற்றை வயலில் இடுதல் இயலாது. எண்ணெயும் உலோகமும் செறிந்த அது காப்புடைய இடத்தில் அடக்கப்பெற வேண்டும். அதற்கு இடமும் பொருளும் ஒதுக்காத திட்டம் சில ஆண்டுகளில் தானே தூர்ந்துபோம். பழைய முறையை அப்படியே மீட்டால் போதும் என்பார் கூற்று இவ்விடத்தில் நில்லாது.

திருவொற்றியூரும் மணலியும் 2011இல் மாநகராட்சியோடு இணைந்தன. கொசத்தலையாற்று வடிநிலத்திற்கென மாநகராட்சி மேற்கொண்ட திட்டத்திற்கு 2021இல் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் இசைந்தது. அதில் புதிய வடிகால் 588 கிலோமீட்டர். சீர்செய்யவோ மாற்றவோ வேண்டிய வடிகால் 175 கிலோமீட்டர். நிலத்தடி நீர் ஊறும் பொருட்டுச் சாலையோர வடிகால்களில் அமைக்கும் சேகரிப்புக் குழிகள் 23,000. வடிகாலின் நீளத்தைக் கிலோமீட்டரில் கூறுவது போலத் தாங்கும் நீரின் கொள்ளளவைக் கன மீட்டரில் முதற்கண் கூறும் வழக்கம் இன்னும் வரவில்லை. குழிகள் நன்றே, ஆயின் எல்லா இடத்தும் நன்றல்ல. இராயபுரத்துத் தெருவில் மணலுள் நீரை இறக்குதல் தகும். எண்ணெய் ஊறிய மணலி மண்ணில் இறக்கினால், கழிக்குச் செல்ல இருந்த மாசு கிணற்றுக்குச் செல்லும். அங்கு வேண்டுவது அடித்தளம் கசியாத தாங்கல்.

மேலும், மதகைத் திறப்பார் யார் என்பது தெளிவாதல் வேண்டும். தொண்டை நாட்டு ஊர்களில் நீர்க்கட்டி என்றும் கம்புகட்டி என்றும் வழங்கிய ஊர்ப்பணியாளன் ஒருவன் இருந்தான். மழையிரவில் ஏரிக்கரையில் நின்று, எந்த மதகை எவ்வளவு திறப்பது, எந்த வேளையில் அடைப்பது என்று துணிவது அவன் கடமை. அவனுக்குரிய பங்கு களத்திலேயே அளக்கப்பட்டது. இன்று தெருவின் வடிகால் ஓர் அலுவலகத்திற்கும், கழிவுக்குழாய் மற்றொன்றிற்கும், பக்கிங்காம் கால்வாயும் ஆறும் நீர்வளத் துறைக்கும், ஆலை வளாகம் ஆலைக்கும், மாசு அளத்தல் வாரியத்திற்கும் உரியன. மணலியில் நாளை ஒரு தாங்கல் அமையுமாயின், அதன் கம்புகட்டி இவ்வைவருள் எவர்க்கு உரியவன் என்பதைத் திட்டத்தின் முதல் ஏட்டிலேயே எழுதி வைத்தல் வேண்டும்.